காரைக்கால் கணவாய்

காரைக்காலில் மலை கிடையாது. அதைச் சொல்ல ஒரு கதை தேவையில்லை. கடற்கரையில் நின்று மேற்கே திரும்பிப் பார்த்தாலே போதும், தென்னை மட்டைகளுக்கு மேல் நேரே வானம்தான். ஆனாலும் எழுபதுகளின் நடுவில் அந்த ஊரில் ஒரு மலையேற்றக் கழகம் இருந்தது. அதற்குத் தலைவர் இருந்தார், துணைத்தலைவர் இருந்தார், செயற்குழு இருந்தது, ரப்பர் முத்திரை இருந்தது. மலை ஒன்றுதான் பாக்கி. அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

கழகத்தைத் தொடங்கியவர் சோமசேகரன். ஓர் இலாகாவின் உள்ளூர் அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை அதிகாரி. எந்த இலாகா என்பது நமக்கு வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களுக்கே அது சரியாகத் தெரியாது. நிர்வாகத் திறனை வளர்த்துக்கொண்டு வரும்படி அரசாங்கம் அவரை வடக்கே ஒரு மலை ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வரும்போது சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டரும், அந்த ஊர் மலையேற்றச் சங்கத்தின் கையேடும், எதிரே நிற்பவன் தலைக்கு மேலே தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு பேசும் பழக்கமும் கொண்டுவந்தார். சமவெளியில் பிறந்தவர்களுக்கு இலட்சியம் வராது, ஏனென்றால் அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று அங்கே யாரோ சொற்பொழிவில் சொன்னார்களாம். அது அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. தன் ஜில்லாக்காரர்களை எப்படியாவது அண்ணாந்து பார்க்க வைத்துவிடுவது என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டார்.

துணைத்தலைவர் முசியே சவரிராயன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மார்செய்ல் துறைமுகத்தில் இறங்கி பாரிசுக்கு ரயிலில் போனபோது ஜன்னல் வழியாக ஆல்ப்ஸ் மலையைப் பார்த்திருக்கிறார். பார்த்தது கால் மணி நேரம், அதிலும் பாதி நேரம் தூங்கிவிட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் செயற்குழுவில் மலையைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று யோசித்து, அங்கே குளிராக இருக்கும் என்று சொல்வார். உடனே அது குறிப்பேட்டில் ஏறும்.

கழகத்தின் முதல் வேலையாக மலை தேடும் உபகுழு அமைக்கப்பட்டது. உபகுழு ஒரு ஜீப்பில் ஊர் ஊராக, கொம்யூன் கொம்யூனாகப் போயிற்று. கோயில் கோபுரத்தைப் பார்த்தார்கள். உயரம் போதும், ஆனால் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். கையேடோ மலையேறுகிறவர்கள் கட்டாயம் பூட்ஸ் அணிய வேண்டும் என்கிறது. கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார்கள். அதில் ஏற்கெனவே படிக்கட்டு இருந்தது, சாகசத்துக்கு இடமில்லை. திருமலைராயன்பட்டினம் போகிற வழியில் ஒரு மிராசுதார் களத்தில் பெரிய வைக்கோல் போர் ஒன்று நின்றது. உபகுழுவில் சிலருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஏறினால் சறுக்கியது, இறங்கினால் உடம்பெல்லாம் அரித்தது, மலைக்குரிய இடர்ப்பாடுகள் எல்லாம் இருந்தன. ஆனால் பங்குனி முடிவதற்குள் மாடுகள் அதைத் தின்று தீர்த்துவிடும் என்று மிராசுதார் சொன்னதால் கைவிட வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் நீலமேகம் வருகிறான். பாவம், அவன் வராமலே இருந்திருக்கலாம்.

நீலமேகம் அந்த அலுவலகத்தில் தினக்கூலிப் பியூன். கருக்களாச்சேரிக்குத் தெற்கே, கடலோரமாக ஒதுங்கிக் கிடந்த ஒரு சின்னக் குடியிருப்பில் அவன் வீடு. வீட்டுக்குக் கிழக்கே மூன்று மா நிலம், அதற்கும் கிழக்கே நீளமாக ஒரு மணல்மேடு, அதற்கு அந்தப் பக்கம் கடல். நிலம் அவன் மனைவி செல்லம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் சம்பா விளைகிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். செல்லம் விளைய வைத்தாள். விதைப்பு, நாற்று, களை, அறுப்பு எல்லாம் அவள் பொறுப்பு. ஆபீஸ் அவன் பொறுப்பு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதில்லை, கல்யாணமான நாளிலிருந்து அது அப்படியே நடந்துவந்தது.

வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதைத் தவிர நீலமேகத்துக்கு வேறு ஆசை கிடையாது. தினக்கூலிக்காரனுக்கு நாற்காலி இல்லை, விடுமுறை இல்லை, அலுவலகத்தில் பெயர்கூட இல்லை. மணியடித்தால் ஓட வேண்டியதுதான். செயற்குழு கூடிய ஒரு நாள் அவன் டீ கொண்டுபோனபோது சோமசேகரன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உங்கள் பக்கம் உயரமாக ஏதாவது உண்டா என்று கேட்டார். அதிகாரி தன்னிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அவனுக்கு அதுவே முதல் தடவை.

"எங்க வயலுக்குக் கெழக்கால ஒரு மணல்மேடு இருக்குங்க" என்றான்.

அந்த ஒரு வார்த்தையை எப்படியாவது திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதா என்று அவன் பிற்பாடு ஏங்காத நாள் இல்லை.

மேட்டை வந்து பார்த்தார்கள். ஒரு பனை உயரம்கூட இராது. ஆனால் எந்த இடத்தில் நின்றால் இரண்டு பக்கச் சரிவும் தெரிகிறதோ அது சிகரம் என்று கையேட்டில் இருந்தது. மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல் தெரிந்தது, மறுபக்கம் செல்லத்தின் வயல் தெரிந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? மணல்மேடு அன்று மாலையே கீழைச் சிகரம் ஆயிற்று.

முதல் ஏற்றம் சித்திரை மாதம் நடந்தது. கடற்கரையில் சாமியானா போட்டு அதற்கு அடிவார முகாம் என்று பலகை வைத்தார்கள். எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். சவரிராயன் பட்டாளத்து ஓவர்கோட்டில் வந்தார், அவரைப் பார்த்தாலே நமக்கு வியர்த்தது. பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் காதர் பாட்சாவிடம் கிணற்றுக் கயிற்றை இரவல் வாங்கி இடுப்போடு இடுப்பாக எல்லாரையும் பிணைத்தார்கள். மூட்டை முடிச்சு, கூஜா, ஸ்டவ், தலைவரின் மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் நீலமேகம் தலையில் ஏற்றினார்கள். உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும் என்று பாதி வழியில் நின்று டீ குடித்தார்கள்.

அவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே கருக்களாச்சேரி மீன்காரி குஞ்சம்மா தலையில் கூடையோடு கீழிருந்து வந்தாள். தினமும் அந்த மேட்டைத் தாண்டித்தான் அவள் உள்ளூர்களுக்கு மீன் கொண்டுபோவாள்.

"சித்த தள்ளி நில்லுங்க, வெயில்ல மீனு கெட்டுப்போவுது" என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தாண்டி ஏறி, உச்சியில் நின்று கூடையைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் இறங்கிப் போனாள்.

முதலில் சிகரத்தைத் தொட்டது யார் என்று ஒரு சங்கடம் வந்தது. சோமசேகரன் தீர்ப்பு சொன்னார். வேலையாகப் போகிறவர்கள் ஏறுவது ஏற்றமாகாது, காரணமே இல்லாமல் ஏறுகிறவன்தான் மலையேறி என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் நீலமேகத்தால் தட்ட முடியவில்லை.

அதோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கேடும் வந்திருக்காது. நாலு பேர் வருஷத்தில் ஒரு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மணலில் ஏறி இறங்குவதால் உலகம் முழுகிவிடாது. ஆனால் கையேட்டில் இன்னோர் அத்தியாயம் இருந்தது. மலையேற்றக் கழகம் என்று ஒன்று இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதைகளைச் செப்பனிடும் தன்னார்வத் தொண்டு செய்தாக வேண்டுமாம்.

அலுவலக ஊழியர்களைக் கூட்டி சோமசேகரன் பேசினார்.

"தன்னார்வத் தொண்டு என்பது உள்ளத்திலிருந்து தானாகப் பொங்கி வர வேண்டும். இதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வராதவர்களுடைய பெயர்களை மட்டும் திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு அனுப்பினால் போதும்."

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் பொங்கிற்று. அடுத்த ஞாயிறு மேட்டின் அடியில் அலுவலகமே நின்றது. ஆளுக்கொரு பதவி இருந்தது. ஒருவர் தடக் கண்காணிப்பாளர், ஒருவர் கொடி ஒருங்கிணைப்பாளர், ஒருவர் குடிநீர் ஆலோசகர். மண்வெட்டி பிடிக்க மட்டும் ஆள் இல்லை. மண்வெட்டி நீலமேகத்திடம் வந்தது. சட்டையில் ஒரு பட்டையும் குத்தினார்கள். அதில் "தொண்டர்" என்று எழுதியிருந்தது.

தடத்தின் இரு மருங்கிலும் செடிகொடி அறவே இருத்தலாகாது என்பது கையேட்டின் முதல் விதி. மேடு முழுக்க அடம்பங்கொடி படர்ந்து கிடந்தது. இராவணன் மீசைப் புல் மண்டியிருந்தது. கடல் பக்கம் தாழைப் புதர் சுவர் கட்டி நின்றது. நீலமேகம் எல்லாவற்றையும் வெட்டினான். மழைநீர் தேங்காமல் ஓடிவிடும்படி தடம் சரிவாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. அடிவார முகாம் காற்றுக்காகக் கடல் பக்கம் இருந்ததால் தடம் கடலோரம் தொடங்கி வயலோரம் முடிந்தது. அதனால் சரிவும் வயல் பக்கமே போயிற்று. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கையேடு சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், நீலமேகத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன. தோண்டிய இடம் பளிச்சென்று இருக்கும். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபடி மற்றவர்களிடம் அவனைக் காட்டி, பாருங்கள், இவன் அல்லவோ தொண்டன் என்பார். ஒரு தடவை "மிஸ்டர் நீலமேகம்" என்று கூட்டத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை செல்லத்திடம் சொன்னான். அவள் நாற்றங்காலுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். நின்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

இரண்டாம் வருஷம் சவரிராயனுக்கு முழங்கால் வலி வந்தது. புதுச்சேரியிலிருந்து ஆண்டு விழாவுக்கு வரவிருந்த பெரிய அதிகாரி பருத்த சரீரம் உள்ளவர் என்றும் தெரியவந்தது. இவர்கள் ஏறும்படி சிகரத்தைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்ற கேள்வி செயற்குழுவுக்கு வந்தபோது சோமசேகரன் சொன்ன பதில் பிறகு சுவரில் எழுதிவைக்கப்பட்டது. "மக்களை மேலே ஏற்றுவது யாருக்கும் கடினம். மலையைக் கீழே இறக்குவதே நிர்வாகத் திறன்."

அந்த ஆடி ஆவணியில் ஞாயிறு தவறாமல் நீலமேகம் சிகரத்தை இறக்கினான்.

வயலில் நின்றபடி செல்லம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால் பச்சையாக மேடு தெரியும். இப்போது நடுவில் ஒரு பிளவு, பிளவுக்குள் கடல் தெரிந்தது. ஒருநாள் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"அடம்பங்கொடியையும் தாழையையும் எடுத்துட்டா மேடு எதைப் புடிச்சிக்கிட்டுங்க நிக்கும்?"

இதை அவள் சொல்லித்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அந்தக் குடியிருப்பில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். அவனும் மண்வெட்டியைப் போடும்போதெல்லாம் அதை நினைத்திருக்கிறான். ஆனால் இத்தனை படித்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வான். மறுநாள் சோமசேகரனிடம் போய்க் கைகட்டி நின்று, மழைக்காலம் முடிகிறவரை வெட்டாமல் வைத்திருக்கலாமா என்று கேட்டான். அவர் அவன் தலைக்கு மேலே பார்த்தார். நிரந்தர வேலைக்கான உன் கோப்பு இப்போதுதான் நகர ஆரம்பித்திருக்கிறது, இந்த நேரத்தில் உனக்கு ஏன் உற்சாகம் குறைகிறது என்று கவலையோடு விசாரித்தார். நீலமேகம் வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என்று செல்லத்திடம் சொன்னான். அந்த ஒன்று முடிந்ததும் இன்னொன்று வந்தது.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. குடியிருப்பில் எல்லாரையும் தலத்தெருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். காற்று அடங்கிய மறுநாள் காலையில் இருவரும் திரும்பி நடந்து வந்தார்கள். வழியெல்லாம் தென்னைகள் விழுந்து கிடந்தன. கூரைகள் இருந்த இடத்தில் மூங்கில் மட்டும் நின்றது. அவர்கள் வீட்டுச் சுவர் தப்பியிருந்தது. செல்லம் வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நேரே வயலுக்குப் போனாள்.

கடல் மேட்டை எங்கும் உடைக்கவில்லை. அடம்பங்கொடி கிடந்த இடமெல்லாம் மேடு அப்படியே நின்றது. தடம் வெட்டிய இடத்தில் மட்டும் கடல் உள்ளே வந்திருந்தது. கீழே இறக்கி, புல்பூண்டு இல்லாமல் சுத்தம் செய்து, வயல் பக்கமாகச் சரிவு வைத்துக் கொடுத்திருந்த வழியில் அது ஓர் இடைஞ்சலும் இல்லாமல் நடந்து வந்திருந்தது. வந்த வேகத்தில் தடத்தை இன்னும் ஆழமாக, இன்னும் அகலமாகத் தோண்டிக்கொண்டும் போயிருந்தது. தூர் கட்டி நின்ற சம்பா தண்ணீருக்கடியில் படுத்துக் கிடந்தது.

செல்லம் வரப்பில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். துப்பினாள். அவள் திட்டியிருந்தால் நீலமேகத்துக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். யாரோ வந்து வெட்டியிருந்தால் அவர்களைச் சபித்து மனம் ஆறலாம். இது அவன் கை. தான் சரிவு பிடித்த விதத்தைக்கூட அவனால் அந்தப் பிளவில் அடையாளம் காண முடிந்தது.

தண்ணீர் வடிய நாளாயிற்று. வடிந்த பிறகு பயிர் பழுத்துச் சிவந்து பிறகு கருகியது. மார்கழி வெயிலில் வயல் வெள்ளையாகப் பூத்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் உப்பளம் என்று நினைத்தார்கள்.

கழகம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டியது. மலை உடைந்துபோயிற்றே, இனிக் கழகத்தைக் கலைத்துவிடுவார்களோ என்று உறுப்பினர்கள் சிலர் பயந்து வந்திருந்தார்கள், சிலர் நம்பி வந்திருந்தார்கள். சோமசேகரன் எழுந்தார். முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

"நண்பர்களே, நேற்றுவரை நம்மிடம் ஒரு சிகரம்தான் இருந்தது. இன்று இரண்டு சிகரங்கள் இருக்கின்றன. வடசிகரம், தென்சிகரம். இரண்டு சிகரங்களுக்கு நடுவே இருப்பதைக் கையேடு கணவாய் என்கிறது. பெரிய பெரிய மலைகளிலெல்லாம் ஒரு கணவாய் உண்டாவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நம்முடைய தொண்டர்கள் அதை இரண்டே வருடத்தில் சாதித்திருக்கிறார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்."

கைதட்டல் ஓய்வதற்குள் பின்வரிசையில் நீலமேகம் எழுந்துவிட்டான். எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ஐயா, வயலு போச்சுங்க" என்றான்.

சோமசேகரன் அவன் தலைக்கு மேலே வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியதாகத்தான் சொன்னார்கள். பிறகு, மறைந்த வயலுக்காக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டார். எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். யார் போய்விட்டது என்று சவரிராயன் பக்கத்திலிருந்தவரைக் காதோடு கேட்டார். வயல் என்றார்கள். நல்ல மனுஷன் என்று அவர் தலையை ஆட்டினார்.

மௌனம் முடிந்ததும் நீலமேகத்துக்குத் துண்டு போர்த்தினார்கள். கணவாய் என்று ஒன்று ஏற்பட்டுவிட்டால் அதற்குக் காவலர் ஒருவர் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் புதுச்சேரிக்குப் போயிற்று. பருத்த அதிகாரிக்குக் கணவாய் வழியாக ஏறாமலே சிகரத்தின் அந்தப் பக்கம் போக முடிகிறது என்பதில் மிகுந்த திருப்தி. வருஷக்கணக்கில் நகராத கோப்பு தை முடிவதற்குள் உத்தரவாகி வந்தது. நீலமேகம் நிரந்தர ஊழியன். காக்கிச் சட்டை, தொப்பி, விசில், உட்கார ஒரு ஸ்டூல். கணவாயை எந்த அடைப்பும் இல்லாமல் திறந்து வைத்திருப்பது அவன் வேலை.

உத்தரவை வீட்டில் படித்துக் காட்டினான். செல்லம் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"தொறந்து வைக்கிறதுக்கா சம்பளம்?"

அவன் ஆமாம் என்றான்.

மாசியில் காதர் பாட்சா குடியிருப்புக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பிளவை அடைக்க வந்தார். அவருடைய தோப்பிலும் பாதி பட்டுப்போயிருந்தது. விழுந்த தென்னைகளைப் போட்டு, நடுவே களிமண் நிரப்பி, மேலே அடம்பங்கொடி வைத்துவிட்டால் அடுத்த மழைக்குள் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் கழகத்தின் பதிவு பெற்ற கணவாயில் அத்துமீறுவது குற்றம் என்று மறுநாளே பலகை வைத்துவிட்டார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நீலமேகம் உட்கார்ந்திருந்தான். காதர் பாட்சா அவனிடம் வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நீங்களே இங்கன உக்காந்துகிட்டா நாங்க யாருகிட்ட போறது, நீலமேகம்?" என்று கேட்டுவிட்டு ஆட்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு செல்லம் தனியாக வந்தாள். காலையில் வாய்க்காலோரம் களிமண் வெட்டி, கூடையில் சுமந்து வந்து பிளவில் கொட்டினாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் நீலமேகம் பழக்கத்தில் விசிலை ஊதிவிட்டான். அவள் கூடையோடு நின்று அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் கொட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனாள்.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் தடக் கண்காணிப்பாளர் சைக்கிளில் வந்து கணவாய் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் அவள் கொட்டிய மண்ணை அவன் அள்ளி ஓரத்தில் எறிந்துவிடுவான். இப்படியே பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. காலையில் மனைவி அடைப்பாள், மதியம் புருஷன் திறப்பான். வீட்டில் இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. குழம்புக்கு உப்பு போதுமா என்று அவள் கேட்பாள், போதும் என்று அவன் சொல்வான். கருக்களாச்சேரியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். குஞ்சம்மா மட்டும் அந்த வழியாகப் போகும்போது கூடையை இறக்கி வைத்து, செல்லத்தோடு இரண்டு நடை மண் சுமந்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் அவன் பாதி மண்ணை மட்டும் அள்ளினான். கண்ணில் படாது என்று நினைத்தான். கண்காணிப்பாளர் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாள் சோமசேகரன் கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. நிரந்தர ஊழியன் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா, ஊரே உன்னைக் கைவிட்டாலும் அரசாங்கம் உன்னைக் கைவிடாது என்று அர்த்தம், நீ அதைக் கைவிடலாமா என்று கனிவாகக் கேட்டார். நீலமேகம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான். கேட்டபோது அவனுக்கு உண்மையாகவே தான் தப்பு செய்துவிட்டதாகத்தான் தோன்றியது. மனுஷன் அப்படித்தான் ஆகிப்போயிருந்தான்.

வைகாசி முடிந்து ஆனி பிறந்தது. செல்லம் வருவது நின்றது. நீலமேகம் முதலில் பயந்தான், பிறகு அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு நாள் வடசிகரத்தின் நிழலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அள்ளுவதற்கு மண் இல்லை. எல்லாம் இப்படியே பழகிப்போகும், சம்பளத்தில் வயிற்றைக் கழுவிவிடலாம், அவளுக்கும் சேற்றில் இறங்குகிற பாடு இல்லை என்றெல்லாம் நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் செல்லம் வந்தாள். கையில் களிமண் கூடை இல்லை, தூக்குச்சட்டி இருந்தது. வழக்கமாக அவன் காலையில் பழையதும் வெங்காயமும் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். புயலுக்குப் பிறகு வீட்டில் ரேஷன் அரிசிதான், அது ஆறினால் வாயில் வைக்க முடியாது. இன்று சோறு சுடச்சுட இருந்தது, மேலே மீன்குழம்பு. நிழலில் இலையைப் போட்டுப் பரிமாறினாள். அவன் ஒரு வாய் எடுத்து வைத்ததும் நிமிர்ந்து பார்த்தான். மென்மையாக, இலேசாக இனித்துக்கொண்டு, வாய்க்குள் அப்படியே கரைந்தது. இந்த மாதிரிச் சோறு தின்று எவ்வளவு நாளாயிற்று என்று இருந்தது. குழம்பே ஊற்றிக்கொள்ளாமல் வெறும் சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏது செல்லம் இந்த அரிசி?"

"நம்ம நெல்லுதாங்க."

"நம்மகிட்ட ஏது நெல்லு?"

"மறுவெதைப்புக்குன்னு போன அறுப்புல வைக்கப்பிரி சுத்தி ஒரு வெதைக்கோட்டை கட்டி வச்சிருந்தேன். இந்த ஆவணியில வெதைக்கலாம்னு பாத்தேன். முந்தாநாள் பிரிச்சு அவிச்சுட்டேங்க."

அவன் கை இலையிலேயே நின்றுவிட்டது. பச்சையாக இருக்கிறவரைதான் அது விதை. ஒரு தடவை அவித்துவிட்டால் அப்புறம் எந்த மண்ணிலும் முளைக்காது. அவள் பிறந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் மாற்றாமல் வைத்திருந்த விதை அது. வாங்கி வந்த நெல் அந்த நிலத்துக்கு ஒத்துவராது என்று கல்யாணமான புதிதில் அவளே அவனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டான்.

"எல்லாத்தையுந்தான். வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? தெனம் அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

கடல் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. புதுச்சேரியிலிருந்து விருந்தினர்களைச் சோமசேகரன் அழைத்து வந்துகொண்டிருந்தார். இதுதான் நம்முடைய கணவாய், இவன்தான் அதன் காவலன், முதல் மண்வெட்டி போட்டவனும் இவன்தான் என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். வாயில் இருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனம் வராமல், நீலமேகம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து விறைப்பாக நின்றான்.

"அம்மா, வழியில உக்காராதீங்க, கொஞ்சம் ஓரமா போங்க" என்றார் சோமசேகரன்.

செல்லம் இலையை இரண்டு கையாலும் பருக்கை சிந்தாமல் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகக் கிடந்த வயலுக்குள் இறங்கி அவர்களுக்கு வழி விட்டாள்.